வேலை கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்துவதா?

காலை ஏழு மணிக்குத் தோட்ட ஆபீஸ் வராந்தாவில் வந்து நிற்கிறார் ஒருவர். வரச்சொன்னதால்தான் வந்தார். பன்னிரண்டு மணிக்கு, மானேஜர் வெளிக்காட்டிலிருந்து திரும்பவில்லை, நாளை வா என்கிறார்கள். ஒருநாள் கூலியும் பஸ் காசும் போயிற்று. இதைப் பல தோட்டங்களில் நாம் கண்டிருக்கிறோம்.

பால்வெட்டுக்கு வருபவரின் கதி இன்னும் மோசம். கைபார்ப்பதை நாம் குறைகூறவில்லை. உளி ஆழமாய் இறங்கினால் மரம் காயப்படும். புதுப்பட்டை சரியாக வளராது. ஆனால் பத்து மரத்தில் தெரிந்துவிடும் கைப்பக்குவத்தை அறிய முழு நிரையையும் வெட்டச் சொல்வானேன்? மங்கில் வடிந்த பால் ஸ்டோருக்குப் போகிறது. வெட்டியவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார். இதற்குப் பரீட்சை என்று பெயராம்! கூலியில்லா வேலை என்கிறோம் நாம்.

கங்காணி ஆள்கட்டிய காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வந்தவர் வெறும் தலையாக எண்ணப்பட்டார். உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் தடுத்தது. அந்தப் புத்தி மட்டும் சில ஆபீஸ்களில் இன்னும் தங்கியிருக்கிறது. பெண்பிள்ளை கிராணி வேலைக்கு வந்தால், கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்கள். கணக்கு எழுதுவதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பாரபட்சம் குறித்துத் தொழில் இலாகாவில் முறையிட வழி பிறந்தது. ஆனால் அந்தப் பிரிவு தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் உள்ள வழக்கையே பேசுகிறது. வேலை கேட்டு வாசலில் நிற்பவரை அது பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் ஆள் எடுக்கும் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இங்கும் அப்படித் திருத்தவேண்டும் என்பது நமது கோரிக்கை.

சட்டம் வரும்வரை? கிராணிமார்களே, உங்களில் பலர் பால்மரக்காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். வந்தவருக்கு ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்க மானேஜரின் உத்தரவு வேண்டியதில்லை. மானேஜர் எத்தனை மணிக்கு வருவார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த மணிக்கே வரச் சொல்லுங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், தேர்ந்த பால்வெட்டுக்காரர் கிடைப்பதில்லை என்று நீங்களே அங்கலாய்க்கிறீர்கள். ஐந்து மணிநேரம் வெயிலில் நிறுத்தினால் யார் திரும்பி வருவார்? கைபார்க்க வெட்டிய மரத்துக்குக் கூலி கொடுங்கள். வேலை இல்லையென்றால், இல்லை என்பதை ஒரு வாரத்துக்குள் டெலிபோனிலாவது சொல்லிவிடுங்கள். அவர் அடுத்த தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார்.