ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நடை நடந்து பாருங்க

கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியா பெருமாள்மலைக்கு ஏறுற ரோட்டுல, போனைப் பார்த்துக்கிட்டே போயிருக்கீங்களா? ஒரு வளைவுல சிக்னல் முழுசா இருக்கும். அடுத்த வளைவுல சுத்தமா இருக்காது. அதுக்குள்ள டவரோட பவரை யாரும் குறைச்சிடல. நடுவுல மலை வந்துடுச்சு, அவ்வளவுதான்.

நம்ம ஹாஸ்டல்லயும் அந்த மலை இருக்கு. அதுக்குப் பேரு சுவர்.

பல ஹாஸ்டல்கள்ல அக்சஸ் பாயிண்டை வராந்தா சீலிங்லதான் வரிசையா மாட்டுறாங்க. கேபிள் மிச்சம், ரிப்பேருக்கு ரூம் கதவைத் தட்ட வேண்டாம். காரணம் நியாயம்தான். ஆனா வராந்தாவுல உட்கார்ந்து யாரும் ஆன்லைன் டெஸ்ட் எழுதுறதில்லையே! தடையில்லாத வராந்தாவுல அலை நல்லா ஓடும். ஒரு பாயிண்ட் பேசுறது அடுத்த பாயிண்டுக்குத் தெளிவா கேட்கும். சுவர், இரும்பு பீரோ எல்லாம் தாண்டி இருக்கிற மூலை ரூமுக்கு மட்டும் கேட்காது.

புகார் கொடுத்தா ரெண்டே பதில்தான் வரும்: பவரைக் கூட்டுவோம், இல்லைன்னா இன்னும் நாலு பெட்டி வாங்குவோம். ரெண்டுமே தப்புன்னு நான் சொல்றேன்.

பவரை இரட்டிப்பாக்கினா கிடைக்கிற லாபம் 3 டெசிபல். ஒரு கான்கிரீட் சுவர் சாதாரணமா 10 டெசிபலுக்கு மேல விழுங்கிடும். அதோட, வைஃபை ரெண்டு பக்கப் பேச்சு. பெட்டி கத்துறது உங்க போனுக்குக் கேட்டாலும், போனோட சின்னக் குரல் பெட்டிக்குப் போய்ச் சேரணுமே? சிக்னல் ஃபுல்லா காட்டியும் பேஜ் சுத்திக்கிட்டே இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பெட்டியைக் கூட்டினா? 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. ஒரே சேனல்ல ஒருத்தர் பேசும்போது, அது காதில் விழுற மத்தவங்க காத்திருக்கணும். பெட்டி கூடக் கூட க்யூவும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் நிறைய உண்டு; ஆனா அது சுவர்கிட்ட இன்னும் சீக்கிரமா தோத்துடும்.

அடுக்கத்துக்குக் கீழே, தேனியிலேயே இதுக்கு நல்ல பாடம் இருக்கு. 2006 வாக்குல அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் சேர்ந்து, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த ஐந்து கிராமப்புறக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோட வைஃபையில இணைச்சாங்க. மருத்துவர் தேனியில இருந்தபடியே வீடியோவில நோயாளியோட பேசினார். அதுக்குப் பயன்பட்டது விலை குறைஞ்ச சாதாரண வைஃபை கார்டுதான். ஆண்டெனாவை உயரத்துல, ஒண்ணை ஒண்ணு நேரா பார்க்கிற மாதிரி வச்சாங்க. யார் எப்போ பேசணும்ங்கிற விதியை மென்பொருள்ல மாத்தினாங்க. எங்கே வைக்கிறது, யார் எப்போ பேசுறது, இந்த ரெண்டையும் யோசிச்சதுலதான் வேலை நடந்தது.

அதனால என் கோரிக்கை இதுதான். அடுத்த டெண்டருக்கு முன்னாடி, மாடியோட வரைபடத்தை ரெண்டு மாணவர்கள் கையில கொடுங்க. எல்லாரும் ரூம்ல இருக்கிற ராத்திரி 9 மணிக்கு, கதவைச் சாத்திட்டு, ஒவ்வொரு கட்டில் பக்கத்திலயும் சிக்னலை அளந்து குறிக்கட்டும். மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போற இடத்தைச் சிவப்பாக்கட்டும். அதைப் பார்த்து, பெட்டிகளை வராந்தாவிலிருந்து எடுத்து ரூம்களுக்குள்ள மாட்டுங்க. மேல் மாடிப் பெட்டிக்கு நேர் கீழே இன்னொண்ணு வராம மாத்தி மாத்தி வைங்க. பக்கத்துப் பெட்டிகளுக்கு வேற வேற சேனல் கொடுங்க. பவரைக் குறைச்சும் பாருங்க. கேபிள் செலவு கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனா வேண்டாத பெட்டி வாங்குற காசு மிஞ்சும்.

மூலை ரூம்காரனும் அதே ஃபீஸ்தான் கட்டுறான். கேம்பஸ் இன்டர்வியூ ஆன்லைன்ல நடக்கிற அன்னிக்கு, அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில போய் உட்கார வேண்டியிருந்தா, அந்தக் கட்டடத்துல வைஃபை இருக்குன்னு சொல்லிக்காதீங்க. வராந்தாவுல இருக்குன்னு சொல்லுங்க.