அலைவரிசைகள் பல, செய்தி அறை ஒன்று: அமெரிக்கச் சிறுநகரங்கள் எழுப்பும் கேள்வி

அமெரிக்காவில் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களை ஒரே நிறுவனம் எத்தனை வரை வைத்திருக்கலாம் என்ற பழைய விவாதத்தை, 2025 ஆகஸ்டில் வெளியான ஓர் அறிவிப்பு மீண்டும் கிளப்பியது. டெக்சஸ் மாநிலத்தின் இர்விங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நெக்ஸ்டார் நிறுவனம், டெக்னா நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. இணைந்த நிறுவனத்திடம் 265 நிலையங்கள் இருக்கும் என்றும், அவை நாட்டின் தொலைக்காட்சி இல்லங்களில் 80 சதவீதத்தை எட்டும் என்றும் அப்போது தெரிவிக்கப்பட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் 2004இல் வகுத்த உச்சவரம்பு 39 சதவீதம் மட்டுமே. எனவே வாதப் பிரதிவாதங்கள் அனைத்தும் அந்த எண்ணைச் சுற்றியே நடைபெறுகின்றன. ஆனால், சிறுநகரங்களின் இழப்பை அந்த எண் காட்டுவதில்லை. சில லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு பகுதியில் ஒரு நிலையம் கைமாறினால், தேசிய விகிதம் அசைவதே இல்லை. அந்தப் பகுதியின் நகர மன்றத்தையும் நீதிமன்றத்தையும் பள்ளி நிர்வாகத்தையும் கவனித்து வந்த செய்தி அறை மூடப்பட்டாலும், ஒழுங்குமுறைக் கணக்கில் அது பதிவாகாது.

மெட்ஃபோர்டு காட்டும் உதாரணம்

ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள மெட்ஃபோர்டு நகரம் இதற்குத் தெளிவான சான்று. 2020 செப்டம்பரில் ஆஷ்லாந்து அருகே பற்றிய அல்மீடா தீ, பலத்த காற்றால் டேலன்ட், ஃபீனிக்ஸ் ஆகிய சிற்றூர்களுக்குள் புகுந்து சுமார் 2,500 வீடுகளை அழித்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தத் தெருவினர் உடனே வெளியேற வேண்டும் என்ற தகவல் அன்று உயிர் காக்கும் செய்தியாக இருந்தது.

அத்தகைய பகுதியில், 1934இல் புலிட்சர் விருது பெற்ற மெயில் டிரிபியூன் நாளிதழ் 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே, சின்க்ளேர் நிறுவனத்துக்குச் சொந்தமான கே.டி.வி.எல். நிலையம் உள்ளூர்ச் செய்தி அறிக்கைகளை நிறுத்தியது. அந்த நேரத்தில், நாடு முழுவதற்குமாக அந்நிறுவனம் தயாரிக்கும் பொதுச் செய்தித் தொகுப்பு இடம்பெற்றது. அலைவரிசை நின்றுவிடவில்லை, விளம்பரங்களும் சி.பி.எஸ். நிகழ்ச்சிகளும் தொடர்ந்தன. மெட்ஃபோர்டைப் பற்றிய செய்தி மட்டுமே நின்றது.

அந்நகரில் வேறு நிலையங்கள் உள்ளன. அவற்றில் கே.ஓ.பி.ஐ. 1953 முதல் ஒரு குடும்ப நிறுவனத்தால் நடத்தப்பட்டு, உள்ளூர்ச் செய்திகளை வழங்கி வருகிறது. உரிமையாளர் உள்ளூரில் இருப்பதும், நாட்டின் மறுமுனையில் இருப்பதும் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரே நகரில் காண முடிகிறது. 2025 ஜனவரியில் ஆலன் மீடியா நிறுவனம், தன்னிடமுள்ள உள்ளூர் நிலையங்களின் வானிலை அறிக்கைகளை அட்லாண்டாவிலிருந்து மொத்தமாகத் தயாரித்து வழங்கத் திட்டமிட்டது. பார்வையாளர்களின் எதிர்ப்பு வலுத்ததால் சில நிலையங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

காகிதத்தில் இரு உரிமையாளர்கள்

உச்சவரம்புகள் இருந்தும் இது எவ்வாறு நடந்தது என்பதற்கு நெக்ஸ்டாரின் தொடக்க வரலாறே விடை தருகிறது. 1996இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரில் டபிள்யூ.ஒய்.ஓ.யு. நிலையத்தை வாங்கி அந்நிறுவனம் தொழிலைத் தொடங்கியது. பின்னர் அதே பகுதியின் டபிள்யூ.பி.ஆர்.இ. நிலையத்தையும் வாங்கியபோது, முதல் நிலையத்தின் உரிமம் வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. எனினும், ஒப்பந்தத்தின் வழியாக அன்றாட நிர்வாகம் நெக்ஸ்டாரிடமே இருந்தது. 2009 ஏப்ரலில் செலவைக் குறைக்க டபிள்யூ.ஒய்.ஓ.யு.வின் உள்ளூர்ச் செய்திகள் நிறுத்தப்பட்டன. ஆவணங்களின்படி இரு உரிமையாளர்கள், இரு நிலையங்கள். தனித்து இயங்கிய செய்தி அறை ஒன்றே.

இத்தகைய பகிர்வு ஒப்பந்தங்கள் நாடெங்கும் பரவின. விதிகளும் படிப்படியாகத் தளர்ந்தன. நிலையம் எந்த ஊருக்காக உரிமம் பெற்றதோ அந்த ஊரிலோ அதன் அருகிலோ முதன்மை ஒளிபரப்புக் கூடம் இருக்க வேண்டும் என்ற நீண்டகால விதியை, கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2017இல் நீக்கியது. ஒரே சந்தையில் முதல் நான்கு இடங்களில் உள்ள நிலையங்களில் இரண்டை ஒரே நிறுவனம் வைத்திருக்கக் கூடாது என்ற தடையை, 2025 ஜூலையில் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. சிறுநகரங்களைப் பொறுத்தவரை, 39 சதவீத வரம்பைவிட இந்தத் தீர்ப்பின் தாக்கமே நேரடியானது. அங்கு செய்தி தரும் நிலையங்களே மூன்று அல்லது நான்குதான்.

நிறுவனங்களின் வாதம்

நிறுவனங்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கேபிள் இணைப்பைத் துண்டிப்போர் பெருகுவதால், நிலையங்களுக்குக் கேபிள் நிறுவனங்கள் செலுத்தும் மறுஒளிபரப்புக் கட்டணம் நெருக்கடிக்கு உள்ளாகிறது. உள்ளூர் விளம்பரங்களைக் கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்கள் ஈர்த்துக்கொள்கின்றன. அவற்றுக்கு இல்லாத வரம்பு தங்களுக்கு மட்டும் ஏன் என்று ஒளிபரப்பு நிறுவனங்கள் கேட்கின்றன. அளவில் வளர்ந்தால்தான் சிறுநகரச் செய்திப் பிரிவுகளைக் காக்க முடியும் என்பது அவற்றின் நிலைப்பாடு.

வளர்ச்சியால் மிச்சமாகும் பணம் உள்ளூர்ச் செய்திக்குத் திரும்புகிறதா என்பதே கேள்வி. 2017இல் சின்க்ளேர், மோன்டானா, டென்னசி உள்ளிட்ட மாநிலங்களின் சிறு சந்தைகளில் இயங்கிய போன்டன் நிலையங்களை வாங்கியது. அதன் விளைவை ஆராய்ந்த கிரெகரி மார்ட்டின், ஜோஷ் மெக்ரெய்ன் ஆகியோரின் ஆய்வு 2019இல் வெளியானது. உள்ளூர் அரசியல் செய்திகள் குறைந்து தேசிய அரசியல் செய்திகள் கூடியதையும், செய்திகளின் சார்பு வலதுசாரிப் பக்கம் நகர்ந்ததையும் அது பதிவு செய்தது. பார்வையாளர் எண்ணிக்கை உயரவில்லை, சற்றே குறைந்தது. அதாவது, மாற்றம் மக்கள் விரும்பியதால் வந்ததன்று. ஒரே செய்தியைப் பல ஊர்களுக்கு அனுப்புவது மலிவு என்பதால் வந்தது.

இந்தியாவின் நிலை

இந்தியாவிலும் இக்கேள்வி புதிதன்று. தனியார் பண்பலை வானொலியில், ஒரு நகரத்தின் அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனம் பெற முடியாது என்ற விதி உண்டு. ஆனால், அந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. செய்தித் தொலைக்காட்சியும் நாளிதழும் ஒரே கையில் குவிவதைக் கட்டுப்படுத்த இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014 ஆகஸ்டில் அளித்த பரிந்துரைகள் சட்டமாகவில்லை.

வரம்பு 39 சதவீதமா, 80 சதவீதமா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், சிறுநகரங்களுக்குத் தேவைப்படுவது வேறோர் அளவுகோல். இணைப்புக்கு அனுமதி வழங்கும்போது, ஒவ்வொரு சந்தையிலும் தனித்து இயங்கும் செய்தி அறைகள் எத்தனை, உள்ளூரில் பணியாற்றும் செய்தியாளர்கள் எத்தனை பேர், அன்றாடம் எத்தனை மணி நேரம் உள்ளூர்ச் செய்தி தயாராகிறது என்பதைக் கணக்கிட்டு, அதை உரிமத்தின் நிபந்தனையாக்க முடியும். அவ்வாறு செய்தால், சிறுநகரங்களைக் காக்கவே வளர்கிறோம் என்ற நிறுவனங்களின் வாக்குறுதியைச் சரிபார்க்கவும் வழி பிறக்கும்.