சுகர் நோட்டில் இன்னொரு வரி வேண்டும்

பீடி சுற்றும் தோழர்களே! அக்கா, தங்கச்சிகளே!

வரும் திங்கள்கிழமை சுளவை ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள். அன்றைக்குத் தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கூலி உயர்வுக்கு இன்னொரு நாள் போவோம், அதை விடப்போவதில்லை. இந்தத் திங்கள் நாம் கேட்பது ஒன்றுதான்: சுகருக்கு எடுக்கும் ரத்தத்தில் தைராய்டையும் பாருங்கள்!

'இதெல்லாம் ஒரு கோரிக்கையா?' என்று சங்கத்து ஆண் தோழர்கள் சிலரே சிரித்தார்கள். உங்கள் வீட்டில் யார் யார் மாத்திரை போடுகிறார்கள் என்று கேட்டோம். சிரிப்பு நின்றது.

கடையநல்லூரிலும் பொட்டல்புதூரிலும் ஆலங்குளத்திலும் திண்ணைக்குத் திண்ணை பாருங்கள். மடியில் சுளவு, ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டிய இலை. காலையில் உட்கார்ந்தால் கடைக்குக் கட்டுப் போடும்வரை எழுந்திருக்க வழியில்லை. உடம்பு ஊதுகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. விரல் மரத்து இலை நழுவுகிறது. ஆடிச் சாரலில் குற்றாலக் காற்றுக்கு எல்லாரும்தான் போர்த்திக்கொள்வோம். பங்குனி வெயிலிலும் ஒருத்திக்குக் குளிர்கிறதே, ஏன்? 'சுகர் இருக்குல்லா, அப்படித்தான் இருக்கும்' என்று பதில் வருகிறது. அந்தப் பதில்தான் நம்மைக் கெடுக்கிறது. மரத்துப்போன விரலுக்குச் சுகரும் காரணமாகலாம், தைராய்டு குறைவும் காரணமாகலாம், ஓயாமல் பீடி சுற்றுவதும் காரணமாகலாம். பார்க்காமல் எப்படித் தெரியும்?

இரண்டு நோயும் ஒன்றையொன்று சும்மா விடுவதில்லை. தைராய்டு சுரப்பு மிஞ்சினால் ஈரல் சர்க்கரையை அள்ளிக் கொட்டும், இன்சுலின் சீக்கிரம் கரைந்துபோகும். மாத்திரை தவறாமல் போட்டும் சுகர் இறங்காது. சுரப்பு குறைந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். ஊசி போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். கொழுப்பும் ஏறும், இதயத்துக்கு இரட்டைச் சுமை. மூன்று மாதச் சராசரி என்று எடுக்கிறார்களே, அந்த எச்பிஏ1சி கணக்கைக்கூடத் தைராய்டு குறைவும் ரத்தசோகையும் கூட்டிக் காட்டக்கூடும். சின்ன வயதிலேயே இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்: கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்குவது உண்டு.

2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தைராய்டுக் கோளாறோ ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். இரண்டும் சந்திக்கிற இடம் நம் திண்ணைதான்.

சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை தர 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். நல்ல திட்டம், வரவேற்றோம். வீடு தேடி வரும் அந்த மருந்துப் பையில் தைராய்டு மாத்திரையும் வரட்டும். தைராய்டை வெளியே லேபில் பார்க்கப் போனால் ஆயிரம் பீடி சுற்றிய கூலி கிட்டத்தட்ட அதற்கே சரியாகிவிடுகிறது. 1976 சட்டத்தின்படி நாம் சுற்றிய பீடிக்கு வரி போட்டு நல நிதி சேர்த்தார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நோயை யாரும் எடுக்கவில்லை. அந்த நல நிதியை நம்பி வந்த முக்கூடல் பீடித் தொழிலாளர் மருத்துவமனையிலும் இந்தப் பரிசோதனை எந்நாளும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று மனுவில் எழுதுவோம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காப்பி, டீ எல்லாம் அரைமணி, ஒருமணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் போட்டது வீண். தைராய்டு மருந்து தொடங்கினால் சுகர் மருந்தின் அளவையும் டாக்டரிடம் மறுபடி கேளுங்கள். அருவிக்குப் போகிற வழியில் யாரோ விற்கிற வேரையும் பொடியையும் நம்பி இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள்!

இன்று சாயங்காலம் பீடிக்கடையில் கட்டுப் போட வரும்போதே கையெழுத்துத் தாள் இருக்கும். கைநாட்டும் செல்லும். திங்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசல். சுகர் நோட்டு, பழைய ரத்தச் சீட்டு, ஆதார் நகல் மூன்றையும் எடுத்து வாருங்கள். நடக்க முடியாத சித்தி, பெரியம்மாக்களின் நோட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரட்டும்.