கோணல் நட்சத்திரமே போதும்!

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கங்கைகொண்டான் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் பெண்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. வாசலில் நட்சத்திரம் கட்டுவது ஆண்கள் வேலை, அரை நாளில் முடிந்துவிடும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பது, அதிரசத்துக்கு மாவு இடிப்பது, அச்சு முறுக்கு சுடுவது, நடுராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்குக் காபி போடுவது எல்லாம் நம் பங்கு. இந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளையின் டைரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வரி வரும்: 'நாளை கையால் செய்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை கொண்டு வரவும்.'

கையால் சரி. யார் கையால்? அதைத்தான் கேட்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடி சார்ட் பேப்பர், ஜிகினா, தெர்மாகோல் எல்லாம் வாங்கி வருகிறோம். பத்து மணிக்குப் பிள்ளை தூங்கிப்போகும். அம்மாதான் பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். முடியாதவர்கள், வெட்டி வைத்த செட்டாகவே விற்கிறார்களே, அதை வாங்கி ஒட்டிவிடுவார்கள். மறுநாள் பரிசு யாருக்கு? பளபளப்பாக இருக்கிற அட்டைக்கு. அதாவது அம்மாவுக்கு! தானே உட்கார்ந்து கோணலாக ஒரு நட்சத்திரம் வரைந்து கொண்டுபோன பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்ம கை வேலைக்கு மதிப்பு இல்லை என்று அது அன்றைக்கே படித்துக்கொள்ளும்.

இதைவிட எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்த அட்டை யாருக்கும் போய்ச் சேருவதில்லை. பள்ளிக்கூடப் பலகையில் நாலு நாள் தொங்கும், ஜனவரியில் பழைய பேப்பரோடு போகும். வாழ்த்து என்றால் ஒருத்தர் பேருக்குப் போக வேண்டாமா? 

அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை எப்படிப் பிறந்தது தெரியுமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்கிற அதிகாரிக்கு, வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஹார்ஸ்லி என்கிற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் சொல்லி, அதையே அச்சடித்து அனுப்பினார். (அந்தப் படத்தில் குடும்பத்தோடு ஒரு குழந்தையும் ஒயின் குடிப்பதுபோல் இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். அது வேறு கதை.) ஆக, வேலையைச் சுருக்கத்தான் அந்த அட்டையே வந்தது. இன்றைக்கு ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோமே, அதற்கு முன்னோடி அவர்தான்.

இன்னொரு அட்டையும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து செக்கோஸ்லோவாகியா நொந்துபோயிருந்த நேரம். யுனிசெஃப் செய்த உதவிக்கு நன்றியாக ஏழு வயதுச் சிறுமி ஜித்கா சாம்கோவா ஒரு படம் வரைந்தாள். பேப்பர் கிடைக்காமல் கண்ணாடித் துண்டில் வரைந்த படம் அது. 1949-ல் அதுதான் யுனிசெஃபின் முதல் வாழ்த்து அட்டையாக வந்தது. ஜிகினாவும் இல்லை, தெர்மாகோலும் இல்லை. யாருக்கு, எதற்காக வரைகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு அப்படி வரைய ஆளா இல்லை? நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஆச்சியும் தாத்தாவும் மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனை! மகன்மார் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆச்சி கையில் பட்டன் போன்தான், நாம் அனுப்புகிற படம் அதில் வராது. பேரப்பிள்ளை இங்கிலீஷ் மீடியம். ஆச்சிக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும், பேரனுக்கு இங்கிலீஷ்தான் எழுத வரும். இரண்டு பேருக்கும் நடுவில் நாம்தான் போனில் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அட்டையில் பெரியவங்க கை படக் கூடாது. உள்ளே ஒரு வரியாவது தமிழில் எழுத வேண்டும். சாமான் மட்டும் நான் தருவேன். அதுவும் அடுக்களையில் இருப்பதுதான். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வாட்டர் கலரில் தோய்த்து ஒற்றினால் நட்சத்திரம் தானாக விழும். முற்றின காயாக எடுத்தால் விளிம்பு நன்றாகப் பதியும், பிஞ்சு கொழகொழவென்று இழுவிவிடும். நூலைக் கலரில் நனைத்து மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தால் பூ மாதிரி வரும். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை இருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு என் மகன் 'ஆச்சி நல்லா இருக்கீங்கலா' என்று எழுதினான். அவன் அப்பாவுக்குத் தாங்கவில்லை. "எழுத்துப் பிழையோடயா அனுப்புறது? திருத்திக் குடு" என்றார். நான் விடவில்லை. அது அப்படியே போனது. நாலு நாள் கழித்து ஆச்சியிடமிருந்து போன். "ஏல மக்கா, நீயால எழுதினே? உன் கையாலயா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 'ல' தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். அட்டையை வீட்டிலிருந்து செய்துகொண்டு வரச் சொல்லாதீர்கள். வகுப்பிலேயே ஒரு பீரியட் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பரிசு வேண்டாம். அதற்குப் பதில், அட்டை யாருக்குப் போகிறதோ அவர் முகவரியைத் தமிழில் எழுதி, தபால்தலை ஒட்டிக் கொண்டு வரச் சொல்லுங்கள். சொந்த ஆச்சி வீட்டு முகவரி எத்தனை பிள்ளைக்குத் தெரிகிறது பார்ப்போம். கிறிஸ்துமஸ்தான் என்றில்லை. பொங்கல் வாழ்த்து எழுதுகிற வீடுகளுக்கும் இதேதான்.

'தபாலே நின்னு போச்சாமே' என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார்கள். நிற்கவில்லை. 2025-ல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். சாதாரணக் கவர் இருக்கிறது, 20 கிராம் வரைக்கும் 5 ரூபாய். கனமான அட்டை என்றால் தபாலாபீசில் எடை போட்டுத் தலை ஒட்டுங்கள். குறைவாக ஒட்டினால் குறைகிற காசுக்கு இரண்டு மடங்கு ஆச்சி தலையில் விழும்! டிசம்பர் 15-க்குள் போட்டுவிடுவது நல்லது. 20 தாண்டினால் புத்தாண்டுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பிள்ளையிடம் இரண்டுக்கும் சேர்த்தே வாழ்த்து எழுதச் சொல்லிவிடுங்கள்.

— ஒரு வாசகி, கங்கைகொண்டான்