பரீக்ஷைப் பாரமும் தேகப் பருமனும்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025-ம் வருஷம் மே மாதத்தில் தன்னுடன் இணைந்த பள்ளிக்கூடங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. ஒவ்வொரு பள்ளியிலும் 'சர்க்கரைப் பலகை' ஒன்றை வைத்து, பிள்ளைகள் விரும்பும் தின்பண்டங்களிலும் பானங்களிலும் எவ்வளவு சர்க்கரை அடங்கியிருக்கிறது என்பதை அதில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதே அவ்வுத்தரவு. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பிள்ளையின் கை அத்தின்பண்டத்தை நாடுவானேன் என்ற கேள்விக்கு அப்பலகையில் விடை இல்லை. விடையின் ஒரு பகுதி, பக்கத்துச் சுவரில் தொங்கும் பரீக்ஷைக் கால அட்டவணையில் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம்.

விஷயம் அற்பமானதன்று. உலகத்தில் 5 முதல் 19 வயது வரை உள்ளோரில் மிகுந்த எடை உடையவர்கள் 1990-ல் நூற்றுக்கு 8 பேர். 2022-ல் 20 பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நம் தேசத்திலோ, 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேர் மெலிந்தும், 5 பேர் மிகுந்த எடையுடனும் இருந்தனர். ஒரு வீட்டில் பசி, மறு வீட்டில் பருமன். முதலாவது தீராதிருக்க, இரண்டாவதும் வந்து சேர்ந்திருக்கிறது.

மனநெருக்கடிக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நகைக்கலாம். அச்சமோ கவலையோ நேரும்போது, சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் ரசத்தை இரத்தத்தில் விடுகின்றன. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு அது துணை. ஆபத்து நீங்கியதும் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்து மதிப்பெண்ணுக்கு அஞ்சும் சிறுவனுக்கு ஓட்டமும் இல்லை, ஆபத்து நீங்குவதும் இல்லை. நீடித்து நிற்கும் அந்த ரசம் இனிப்பிலும் கொழுப்பிலும் ஆசையை மூட்டி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரவும் துணைபுரிகிறது. தூக்கம் குறைந்தால் பசி இன்னும் பெருகும்.

13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அவசியம் என்பர் நிபுணர். 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் பிள்ளைகளின் தினசரியைப் பாருங்கள். விடியுமுன் ஒரு ட்யூஷன், பிறகு பள்ளி, மாலையில் இன்னொரு ட்யூஷன், இடையில் ஒரு பாக்கெட் சிப்ஸ், நள்ளிரவு வரை வீட்டுப்பாடம். தேகப்பயிற்சி வகுப்பையும் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்கிறார். அக்கடன் திரும்புவதே இல்லை.

மனநெருக்கடி ஒன்றே காரணம் என்று நாம் வாதிக்கவில்லை. பரம்பரையும், மலிவான தின்பண்ட வியாபாரமும், விளையாட இடமின்மையும், கைபேசியும் தத்தம் பங்கைச் செய்கின்றன. ஆயினும் பருத்த பிள்ளையைச் சோம்பேறி என்று தீர்ப்பளித்து, வீட்டிலும் வகுப்பிலும் பரிகசிக்கும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். ஏளனம் எடையைக் குறைப்பதில்லை. அதுவே புதிய நெருக்கடியாகிப் பிள்ளையை மீண்டும் தின்பண்டத்திடமே அனுப்புகிறது. பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன், பெற்றோரும் உபாத்தியாயரும் சர்க்காரும் தத்தம் பொறுப்புக்கு விடை கூறட்டும்.

செய்யவேண்டியது என்ன? மத்திய சர்க்கார் 2024 ஜனவரியில் வகுத்த நெறிமுறைகளின்படி, தனியார் பயிற்சி நிலையங்கள் 16 வயதுக்குட்பட்டோரைச் சேர்க்கலாகாது. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு நடத்தவும் ஆகாது. விதி காகிதத்தில் உறங்க, பிள்ளைகள் விழித்திருப்பது முறையன்று. மாநில சர்க்கார்கள் அதைக் கண்டிப்பாக அமுல் நடத்த வேண்டும். தேகப்பயிற்சி நேரத்தை எந்தப் பாடத்துக்கும் எடுக்கலாகாது என்று ஒவ்வொரு பள்ளியும் உறுதி கொள்ள வேண்டும். ஊர்தோறும் பொதுத் தொண்டு புரியும் நண்பர்கள், ஆக்கிரமிப்புக்கு இரையாகும் விளையாட்டு மைதானங்களை மீட்பதைத் தங்கள் வேலைத் திட்டத்தில் முதலாவதாக வைத்துக்கொள்ளட்டும்.

சர்க்கரைப் பலகை சுவரில் இருக்கட்டும். அதைப் படித்துவிட்டு ஓடி விளையாடப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்காவிடில், அது வெறும் பலகையே.