தேரோடும் வீதியில் சக்கர நாற்காலி

மலைக்கோட்டையின் படிகளை எண்ணி வியக்கும் நாம், அப்படிகளின் அடியிலேயே நின்றுவிட நேர்ந்தவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. பெருந்தேர் உருண்டு வரும் திருவரங்கத்துச் சித்திரை வீதிகளில் ஒருநாள் சக்கர நாற்காலிப் பந்தயமும் நடைபெறலாகாதா? இவ்வெண்ணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இவ்விளையாட்டு மருத்துவமனையில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்கு, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் விளையாட்டையே மருந்தாக்கினார். 1948 சூலை 29 அன்று, இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் வித்து அதுவே.

நம் நாட்டு முரளிகாந்த் பேட்கர் 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு நடக்கவியலாதவரானார். அவரே 1972இல் ஹைடல்பர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனிநபர் தங்கம் பெற்றது அதற்கு 36 ஆண்டுகளுக்குப் பின்னரே. பேட்கருக்குப் பத்மஸ்ரீ விருது கிட்டியதோ 2018இல்! வென்றவர் காலம் தாழ்த்தவில்லை. பாராட்ட வேண்டிய நாம்தாம் தாழ்த்தினோம்.

இவ்வீரர்களை இயக்குவது யாது? பிறர் இரக்கத்தைப் பெறும் விழைவன்று; வெல்லும் வேட்கையே. சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் வளையம் தாழ்த்தப்படுவதில்லை. எல்லோர்க்கும் உரிய அதே பத்தடி உயரந்தான். டென்னிசில் பந்து இருமுறை தரையில் படலாம் என்பதைத் தவிரப் பெரிய சலுகை ஏதுமில்லை. விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட அவனி லேகரா, டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றது குறிபார்க்கும் திறத்தாலன்றி வேறொன்றாலன்று.

“கல்விக்கும் வேலைக்குமே வழி காணாதபோது விளையாட்டு எதற்கு?” எனச் சமுதாயப் பெரியோர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் விளையாட்டு தரும் தோள்வலிமையும் துணிவும் கல்விக்கும் வேலைக்கும் துணையாவன அல்லவோ? இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட சென்னை மாதவி லதா, உடல்நலம் நாடி நீரில் இறங்கினார், நீச்சல் வீராங்கனையானார், பின்னர் இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை நிறுவி, வீட்டுக்குள் முடங்கியிருந்த பலரை ஆடுகளத்திற்கு அழைத்து வந்தார். தம் நலம் நாடித் தொடங்கிய முயற்சி பிறர் நலமாய்ப் பெருகியமை ஈண்டு கருதத்தக்கது.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிவகுத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. அரசு செய்யட்டும் என்று நாம் வாளா இருத்தல் தகுமோ? திருச்சியின் கல்லூரி ஒவ்வொன்றும் ஆடுகளத்திற்குச் சாய்தளம் அமைக்கலாம். மருத்துவமனை நாற்காலி விளையாட்டுக்கு உதவாது; சக்கரங்கள் சாய்வாகப் பொருத்தப்பெற்ற இலேசான நாற்காலி வேண்டும். அது விலை மிக்கதாகலின் கல்லூரிகள் கூடி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கொடையுள்ளம் படைத்த பெரியோர்க்கு இது நல்லதோர் அறம். ஆண்டு விளையாட்டு விழாவில் சக்கர நாற்காலி ஓட்டத்தை வேடிக்கைக் காட்சியாக அன்றி, புள்ளிகள் சேரும் போட்டியாகவே நடத்துதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாராயின், அவருக்காக வருந்துவதோடு அமையாதீர். “எங்கள் அணியில் ஆட வருகிறாயா?” என்று கேளுங்கள்.