அப்பா நினைவாகச் சென்னைக்கு சைக்கிள் பயணம்... மகனை அனுப்பலாமா?

கேள்வி: ‘‘என் கணவர் போன சித்திரையில் வாய்ப் புற்றுநோயால் காலமாகிவிட்டார். நாக்கு ஓரத்தில் புண் வந்ததை மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். இப்போது 25 வயது மகன், ‘முதல் வருஷத் திதி அன்று போய்ச் சேருகிற மாதிரி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரைக்கும் சைக்கிளில் போகிறேன். வழியில் பணம் திரட்டி அங்கே கொடுக்கப் போகிறேன்’ என்று நிற்கிறான். எங்களுக்கு 3 ஏக்கர் தோட்டம், 4 மாடுகள், வைத்தியத்துக்கு வாங்கிய கடன் எல்லாம் இருக்கிறது. சொந்தக்காரர்கள் ‘வேண்டாத வேலை’ என்கிறார்கள். எனக்கு ரோட்டை நினைத்தால்தான் பயம். அனுப்பலாமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்.

பதில்: அனுப்பலாம். ஆனால், சித்திரையில் வேண்டாம். நாள் குறிப்பதற்கு முன்பு உடம்பு, சாலை, கணக்கு ஆகிய மூன்றுக்கும் மகனிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். கடன் வாங்கி இந்தப் பயணத்தைச் செய்யக் கூடாது.

இது வேண்டாத வேலையா?

பெற்றவரின் நினைவாக சைக்கிள் மிதித்து நிதி திரட்டுவது புதிய பழக்கம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில்லி ஸ்டார் என்பவரின் தாய், 1974-ம் ஆண்டு தோல் புற்றுநோயால் இறந்தார். 1980-ம் ஆண்டு, அவர் 36 பேரைச் சேர்த்துக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்திலிருந்து கடற்கரை ஊரான ப்ராவின்ஸ்டவுன் வரை, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணத்தை நடத்தினார். அந்த முதல் பயணத்தில் திரண்ட தொகை 10,200 டாலர். ‘பான் மாஸ் சேலஞ்ச்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் நடக்கும் இந்தப் பயணம், பாஸ்டனில் உள்ள டேனா ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறது.

மகன் போய்ச் சேர நினைக்கும் இடமும் இப்படி ஓர் இழப்பிலிருந்து பிறந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு விதை. 1954-ம் ஆண்டு தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. ஆகவே, மகனின் எண்ணத்தில் தவறு எதுவும் இல்லை. செய்கிற விதத்தில்தான் கவனம் வேண்டும்.

சித்திரை ஏன் வேண்டாம்?

ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக அடையாறு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். பழகியவர் நாளுக்கு 70 முதல் 95 கிலோமீட்டர் வரை போனால் 6 நாள்கள் ஆகும். சித்திரை வெயிலில், தார்ச் சாலையில் இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் மேற்குக் காற்று முதுகில் தள்ளும் என்றாலும் வெயில் குறையாது.

பொருத்தமான மாதம் மாசி. மக்காச்சோள அறுவடை முடிந்து வேலையும் சற்று ஓய்ந்திருக்கும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று எதிர்ப்படும் என்பதால், காற்று கிளம்பும் முன் அதிகாலையில் கூடுதல் தூரத்தைக் கடந்துவிட வேண்டும். மாசியில் போய் வந்துவிட்டால், சித்திரையில் திதி கொடுக்க மகன் வீட்டிலேயே இருப்பார். திதி அன்று பிள்ளை சாலையில் இருப்பதைவிட, தாயின் பக்கத்தில் இருப்பதுதான் முறை.

உடம்பு: 10 வாரப் பழக்கம்

தோட்ட வேலை செய்த உடம்பு என்பதால் அப்படியே கிளம்பிவிடக் கூடாது. மண்வெட்டி பிடிக்கும் உடம்புக்கும், 6 மணி நேரம் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும் உடம்புக்கும் வித்தியாசம் உண்டு. முதல் வாரம் 3 நாள்கள், நாளுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போதும். பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட பயணம் செய்து, அந்தத் தூரத்தை வாரத்துக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை கூட்டிக்கொண்டே வர வேண்டும். 9-வது வாரத்தில் ஒரு நாள் 80, மறுநாள் 60 கிலோமீட்டர் மிதித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் எழுந்து மிதிக்க முடிந்தால்தான் உடம்பு தயார். கடைசி வாரம் ஓய்வு கொடுத்து, லேசாக மட்டும் ஓட்ட வேண்டும். இதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

வழியில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே போக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் போகும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு (இரண்டையும் தலை தட்டி அளக்க வேண்டும்) கலந்த கரைசலையும் குடிக்கலாம். மணிக்கு ஒரு முறை வாழைப்பழமோ, கடலை உருண்டையோ சாப்பிட வேண்டும். தலைச்சுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு என ஏதாவது தெரிந்தால் அன்றைய பயணத்தை நிறுத்திவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடம்பை நனைத்து, 108-க்கு அழைக்க வேண்டும்.

சைக்கிளும் சாலையும்

புது சைக்கிள் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. இருக்கும் சைக்கிளுக்கு டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்ததை மாற்றினால் போதும். சீட் உயரம் முக்கியம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால், கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் இரண்டே நாளில் முழங்கால் வலி வந்துவிடும். சுமையை முதுகில் தொங்கவிடாமல் கேரியரில் கட்ட வேண்டும். 2 டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், ஸ்பேனர், செயின் எண்ணெய் ஆகியவை கையில் இருக்க வேண்டும்.

தாயின் பயம் நியாயமானது. திருச்சி - சென்னை நான்குவழிச் சாலையில் லாரியும் பேருந்தும் ஓய்வதே இல்லை. அதனால் சில விதிகளை மகன் மீறவே கூடாது. விடிந்த பிறகே கிளம்பி, 10 மணிக்குள் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிட வேண்டும். மீதி இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் மிதித்து, இருட்டுவதற்குள் தங்கும் இடம் சேர வேண்டும். ஹெல்மெட், பளிச்சென்ற நிறத்தில் சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில்தான் போக வேண்டும். காதில் பாட்டுக் கேட்டபடி ஓட்டக் கூடாது.

தனியாக அனுப்பாமல், மோட்டார் சைக்கிளில் கூடவே வர அண்ணன் தம்பி முறையில் ஒருவரை ஏற்பாடு செய்வது நல்லது. 6 இரவும் எங்கே தங்குவது என்பது கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் அம்மாவுக்குப் போன் பேச வேண்டும். ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை நகல் ஆகியவை சட்டைப் பையில் இருக்கட்டும்.

கணக்கு: இரண்டு பை, இரண்டு நோட்டு

பான் மாஸ் சேலஞ்ச் பயணத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் இதுதான். சைக்கிள் ஓட்டுபவர்கள் திரட்டும் தொகை அப்படியே மருத்துவமனைக்குப் போகிறது. நடத்தும் செலவை, பதிவுக் கட்டணமும் நிறுவனங்கள் தரும் ஆதரவுத் தொகையும் ஏற்கின்றன. மகனும் அதே முறையைப் பின்பற்றலாம். சாப்பாடு, தங்குமிடம், திரும்பி வரும் செலவு, கூட வருபவரின் பெட்ரோல் எல்லாம் சொந்தச் சேமிப்பிலிருந்தோ, ‘இது வழிச் செலவுக்கு’ என்று சொல்லிக் கொடுக்கும் உறவினர்களிடமிருந்தோ வர வேண்டும். நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் 6 நாளுக்கு 3,600 ரூபாய். இதை மாடு விற்றோ, வட்டிக்கு வாங்கியோ செய்யக் கூடாது. கடன் தவணை கட்டும் மாதமாக இருந்தால், முதலில் தவணை, பயணம் பிறகுதான்.

நன்கொடையைப் பொறுத்தவரை, உண்டியல் தூக்கி ரொக்கம் வசூலிப்பதைத் தவிர்ப்பது நல்லது. பணத்துக்கும் ஆபத்து, பெயருக்கும் ஆபத்து. கிளம்பும் முன்பே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு விவரத்தைச் சொல்லி, நன்கொடைக்கான வங்கிக் கணக்கு விவரத்தை நேரடியாக அங்கிருந்தே பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் எண்களை நம்பக் கூடாது. கொடுப்பவர்கள் அந்தக் கணக்குக்கே நேராக அனுப்பி, ரசீது வாங்கிக்கொள்ளலாம். வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சலுகை கிடைக்காது. யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, திரும்பி வந்ததும் ஊர்ப் பொது இடத்தில் ஒட்டிவிட்டால், குறை சொல்பவர்களுக்கு அதுவே பதில்.

பணத்தைவிடப் பெரிய உதவி

வழிநெடுக மகன் சந்திக்கப்போவது பெரும்பாலும் விவசாயிகளையும் கூலித் தொழிலாளிகளையும்தான். அப்பா மூன்று மாதம் சொல்லாமல் இருந்ததை அவர்களிடம் சொல்வது, திரட்டும் தொகையைவிடப் பயன் தரும். வாயில் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல் ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய்ப் பரிசோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனையும் உண்டு. புகையிலைப் பழக்கத்தை விட விரும்புபவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

10 வாரப் பழக்கத்துக்குப் பிறகும் உடம்பு ஒத்துழைக்கவில்லை அல்லது பணம் கூடிவரவில்லை என்றால், சென்னை வரை போகாததால் அப்பாவுக்குக் குறை எதுவும் வந்துவிடாது. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஞாயிறுதோறும் 40 கிலோமீட்டர் போய், டீக்கடையிலும் பால் சங்கத்திலும் இதைப் பேசலாம். நன்கொடையைத் தபாலிலோ, வங்கியிலோ அனுப்பிவிடலாம். அந்த ஊர்களில் ஒருவர் புண்ணை மறைக்காமல் சுகாதார நிலையத்துக்குப் போனாலும், மிதித்ததற்குப் பலன் கிடைத்துவிடும்.

கடைசியாக, மகன் இல்லாத 6 நாளும் மாடுகளுக்குத் தீவனம் போடுவது, பால் கறப்பது, தண்ணீர் பாய்ச்சுவது யார் பொறுப்பு என்பதை அவரே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தச் சுமை மொத்தமும் தாயின் தலையில் விழக் கூடாது.